கலத்தினுள் ஒரு வாய்ப்பூட்டு

நீரிழிவு நோயாளருக்கு உயிர்காக்கும் மருந்தாக விளங்கும் இன்சுலினை மனித உடலில் ஆக்கி வழங்கும் உறுப்பு சதையி. கணையம் என்று சொல்லப்படுவதும் அதுவே. ஆயின், இன்சுலினை ஆக்கும் முறை சதையியில் மட்டுந்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. கண், தோல், ஈரல், என்பு மச்சை ஆகிய எவ்விடத்திலும் கருவோடு கூடிய ஒரு கலத்தை எடுத்து ஆராய்ந்தால், அதே முறை அங்கும் இருக்கக் காணலாம். தோலின் கலம் அம்முறையைத் தன்னிடத்தே வைத்துக்கொண்டும், ஆயுள் முழுவதும் அதனைப் படியாமலே இருந்துவிடுகின்றது. படிக்குங் கருவி இல்லாமையால் அன்று. கருவி அதனிடத்தில் நிறைய உண்டு. வேறு ஆயிரக்கணக்கான முறைகளை அக்கருவி இடைவிடாது படித்துக்கொண்டேயிருக்கிறது. இன்சுலினுக்குரியதை மட்டும் அது தொடுவதில்லை. தொடாதபடி தடுத்து வைத்திருப்பது யாது?

கலத்தின் கருவினுள் இருக்கும் டி. என். ஏ. என்னும் நீண்ட இழையே மேற்கூறிய முறைகளெல்லாம் எழுதப்பட்டிருக்கும் ஏடு. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே அதில் வழங்கும் எழுத்துக்கள். மனிதனுடைய ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. ஒரு புரதத்தை ஆக்கும் முறையைக் கூறும் பகுதி பரம்பரையலகு எனப்படும். ஜீன் என்பதும் அதுவே. புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் மனிதனிடத்தில் சுமார் 20,000. பழைய ஏட்டை அடிக்கடி வெளியில் எடுத்தால் ஒடிந்துபோகும் என்று அஞ்சி, மூலத்தைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் பெயர்த்தெழுதிக் கொடுப்பது ஏடு காப்போர் வழக்கம். கலமும் அவ்வாறே செய்கின்றது. மூல ஏடு கருவை விட்டு வெளியேறுவதில்லை. வேண்டிய பரம்பரையலகு ஆர். என். ஏ. என்னும் வேறோர் இழையிற் பெயர்த்தெழுதப்பட்டு வெளியே செல்லும். அப்பிரதியைப் பார்த்தே புரதம் கட்டப்படும். பெயர்த்தெழுதும் எழுத்தன், ஆர். என். ஏ. பொலிமரேசு என்னும் நொதியம். 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே சாமுவேல் வைஸ், ஜெராட் ஹர்விற்ஸ், ஓட்ரி ஸ்டீவன்ஸ் முதலியோர் தனித்தனியே முயன்று இதனைக் கண்டறிந்தனர்.

இவ்வெழுத்தன் தொழிலில் வல்லவன். ஆயின் எதை எழுதுவது, எதை விடுவது என்று தானாகத் தேரும் ஆற்றல் இல்லாதவன். ஆதலால், எங்கே தொடங்கலாம், எங்கே தொடங்கலாகாது என்பதை அவனுக்கு உணர்த்தும் ஏற்பாடு ஒன்று கலத்தில் இருத்தல் வேண்டும். அந்த ஏற்பாடு முதன்முதலிற் புலப்பட்டது மனித உடலில் அன்று. மனிதனுடைய குடலிற் குடியிருக்கும் எசரிச்சியா கோலி என்னும் மிகச் சிறிய பற்றீரியத்தில், அதுவும் அது இரை தின்னும் முறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணுக்கே, அது முதலிற் பட்டது.

அவர் பிரான்சு நாட்டினரான சாக் மொனோ. 1940ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை பாரிசு மாநகரைக் கைப்பற்றியிருந்த காலத்தில், சோர்போன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்னர் அவர் ஆக்கிரமிப்பை எதிர்த்த மறைமுகப் போராட்டத்திலும் ஈடுபட்டவர், இசையிற் பேரார்வமுடையவர். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ மிக எளிது: பற்றீரியத்துக்கு இருவகைச் சர்க்கரையை ஒருங்கே கொடுத்தால் அது எவ்வாறு வளரும் என்பது. குளுக்கோசையும் பாலிலுள்ள சர்க்கரையாகிய இலற்றோசையும் கலந்து கொடுத்தபோது, பற்றீரியங்கள் முதலில் விரைந்து பெருகின. பின்னர், உணவு மிச்சமிருக்கவும், வளர்ச்சி சட்டென நின்றது. சிறிது நேரம் யாதொரு பெருக்கமுமில்லை. அதன்பின் மறுபடியும் தொடங்கி, முன்னிலும் மெதுவாகப் பெருகின. தாளில் வரைந்த வளர்ச்சிக் கோடு, நடுவே ஒரு படி வைத்த ஏணிபோற் காட்சியளித்தது.

முதலில் உண்ணப்பட்டது குளுக்கோசு. அது தீர்ந்த பின்னரே பற்றீரியங்கள் இலற்றோசை நாடின. இடையில் நின்ற நேரம், இலற்றோசைப் பிளக்கும் நொதியத்தை ஆக்கிக்கொள்ளச் சென்ற நேரம். இலற்றோசைக் குளுக்கோசாகவும் கலற்றோசாகவும் பிளக்கின்ற அந்நொதியத்துக்குப் பீற்றா-கலற்றோசிடேசு என்று பெயர். இலற்றோசு இல்லாதவிடத்து ஒரு பற்றீரியத்தில் இந்நொதியத்தின் மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே இருக்கும். இலற்றோசு மட்டும் உணவாகும்போது சில நிமிடங்களுள் உற்பத்தி தொடங்கி, அத்தொகை ஆயிரக்கணக்கில் உயரும். உணவு வந்தது என்ற செய்தி பரம்பரையலகை எட்டியது எவ்வாறு? ஒற்றைக் கலத்தாலாகிய அச்சிற்றுயிருக்குக் கண்ணுமில்லை, நாவுமில்லை.

போர் முடிந்த பின் மொனோ பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்திலே ஆந்திரே லுவோவ் என்பவருடைய பகுதியிற் சேர்ந்தார். கட்டடத்தின் உச்சியில், கூரையின் கீழ் அமைந்த மாடம் அது. அதே நடைகூடத்தின் மறுகோடியில் பிரான்சுவா யாக்கோப் பணியாற்றினார். சத்திரவைத்தியராக வேண்டுமென்று விரும்பிய யாக்கோப், 1944இல் நோர்மண்டிப் போர்க்களத்திற் பட்ட கடுங் காயங்களால் அவ்விருப்பத்தைக் கைவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர் ஆராய்ந்தது பற்றீரியங்களைத் தாக்கும் ஒருவகை வைரசு. அவ்வைரசு பற்றீரியத்தின் டி. என். ஏ.யினுள்ளே நுழைந்து பல தலைமுறை உறங்கிக் கிடக்கும். பின்னர், புறவூதாக்கதிர் போன்ற ஏதேனும் தீண்டினால் விழித்தெழுந்து, இடங்கொடுத்த பற்றீரியத்தையே வெடிக்கச் செய்யும். இலற்றோசுக்கும் உறங்கும் வைரசுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அந்நாளில் ஒருவரும் எண்ணவில்லை.

மொனோவும் பிறரும் முதலிற் கொண்டிருந்த கருத்து இயல்பானது. ஆகவே விடுவதற்கும் அரிதானது. இலற்றோசு வந்து பரம்பரையலகைத் தூண்டுகிறது, தூண்டப்பட்ட பரம்பரையலகு வேலைசெய்கிறது என்பது அக்கருத்து. குதிரையைத் தட்டினால் ஓடுகிறது என்பது போன்றது. ஆயின் சில விகாரப் பற்றீரியங்கள் இக்கருத்துக்கு இடர் விளைத்தன. அவை இலற்றோசு இருப்பினும் இல்லாவிடினும் ஓயாது அந்நொதியத்தை ஆக்கிக் குவித்தன. தட்டுவார் இல்லாமலே ஓடும் குதிரைகள் அவை. அவற்றில் நொதியத்தின் பரம்பரையலகு பழுதின்றி இருந்தது. அதற்கு அயலிலுள்ள வேறொரு பரம்பரையலகே பழுதுபட்டிருந்தது. அவ்வயலலகுக்கு ‘ஐ’ எனப் பெயரிட்டிருந்தனர். அது பழுதானபோது கலத்தினுள்ளே தூண்டும் பொருளொன்று தானே உண்டாகிறதோ என்று மொனோ கருதினார். பௌதிக அறிஞர் லியோ சில்லார்ட் என்பாரோ, இதனை மறுபுறமாக நோக்கிப் பார்க்கலாமே என்றார். தூண்டுவது ஒன்று சேர்ந்தது என்று கொள்வதிலும், தடுப்பது ஒன்று நீங்கியது என்று கொண்டாலென்ன?

இவ்விரண்டில் எது சரியென்று தீர்த்த பரிசோதனை, அமெரிக்காவிலிருந்து 1957இற் பாரிசுக்கு வந்த ஆதர் பார்டி என்பவரோடு சேர்ந்து செய்யப்பட்டது. பற்றீரியங்களில் ஆண்போல்வன சில, பெண்போல்வன சில. இரண்டும் ஒட்டும்போது ஆணின் டி. என். ஏ. இழை, ஊசியில் நூல் கோப்பதுபோற் பெண்ணினுள்ளே மெல்ல மெல்ல நுழையும். முழு இழையும் செல்ல நூறு நிமிடங்கள் வரை ஆகும். இடையே எந்நேரத்திலும் அவற்றைப் பிரித்துவிடுதற்கு யாக்கோப்பும் எலி வொல்மனும் கையாண்ட கருவி, சமையலறையிற் பழச்சாறு அடிக்கும் மின்பொறி என்பது சொல்லத்தக்கது. நுண்ணிய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகளே வேண்டுமென்பதில்லை.

பார்டி, யாக்கோப், மொனோ மூவரும் எடுத்துக்கொண்ட ஆண் பற்றீரியத்தில் நொதியத்தின் பரம்பரையலகும் ‘ஐ’ அலகும் நல்லனவாக இருந்தன. பெண்ணில் இரண்டும் பழுது. இலற்றோசோ, அதுபோன்ற வேறு தூண்டியோ சேர்க்கப்படவில்லை. ஆணில் நொதியமில்லை, ஏனெனில் இலற்றோசு இல்லை. பெண்ணிலும் நொதியமில்லை, ஏனெனில் அதற்குரிய அலகு பழுது. இவ்விரண்டு இல்லாமைகளும் ஒன்றுகூடியபோது என்ன நேர்ந்தது? நல்ல அலகு பெண்ணினுள் நுழைந்த சில நிமிடங்களுள்ளேயே நொதியம் முழு வேகத்துடன் ஆக்கப்பட்டது. ஆணின் உடலில் வாய் மூடிக் கிடந்த அதே பரம்பரையலகு, பெண்ணின் உடலை அடைந்தவுடன் வாய் திறந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தபின், அது மறுபடியும் அடங்கிப்போயிற்று. அப்போது தூண்டியைச் சேர்த்தால், மீண்டும் தொடங்கிற்று.

இதன் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஆணின் கலத்தில் ஏதோவொரு பொருள் அந்தப் பரம்பரையலகை அடக்கி வைத்திருந்தது. பெண்ணின் கலத்தில் அப்பொருள் இல்லை. ஆகவே தடையின்றி வேலை நடந்தது. ஆயின் உடன் நுழைந்த நல்ல ‘ஐ’ அலகு அவ்வடக்கும் பொருளைச் சிறிது சிறிதாக ஆக்கிற்று. போதிய அளவு சேர்ந்ததும் பூட்டு விழுந்தது. 1959இல் வெளியான இவ்வாய்வோடு, தூண்டுதல் என்று இதுகாறும் கூறப்பட்டது உண்மையில் தூண்டுதலன்று என்பது தெளிவாயிற்று. குளத்து மதகின் பலகையை நீக்கினால் நீர் தானே பாயும். யாரும் அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. இலற்றோசு செய்வதும் பலகையை நீக்கும் வேலைதான்.

1958ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், பாரிசில் ஒரு திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்முடைய உறங்கும் வைரசும் மொனோவின் இலற்றோசு நொதியமும் ஒரே கதை என்பது யாக்கோப்புக்குத் திடீரெனப் பட்டது. இரண்டிலும் ஓர் அடக்கி; இரண்டிலும் அவ்வடக்கி சென்று பற்றுவது டி. என். ஏ.யின் ஒரு குறித்த இடத்தை. வைரசு உறங்குவது அடக்கி இருப்பதால். விழிப்பது அடக்கி அழிவதால். 1961இல் இருவரும் சேர்ந்து எழுதிய நெடுங்கட்டுரை, அடக்கி, அது பற்றும் இயக்குமிடம், ஒரே கட்டளைக்கு உட்பட்டு வரிசையாக நிற்கும் பரம்பரையலகுகள், இவற்றின் செய்தியைக் கொண்டு செல்லும் தூதுவ ஆர். என். ஏ. ஆகியவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திக் காட்டிற்று. இலற்றோசுக்குரிய அலகுகள் மூன்று அடுத்தடுத்து நின்று, ஒரே பிரதியாகப் பெயர்த்தெழுதப்படுகின்றன. இத்தகைய கூட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ஒப்பெரோன். 1965இல் யாக்கோப், மொனோ, லுவோவ் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

விசித்திரம் என்னவென்றால், பரிசு வழங்கப்பட்ட அந்நாளிலும் அடக்கியைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். அது புரதமா, ஆர். என். ஏ.யா என்பதுகூட உறுதிப்படவில்லை. 1966இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே வால்ட்டர் கில்பேர்ட், பென்னோ முல்லர்-ஹில் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்து, அது புரதமே என நிறுவினர். அரிதாயிருந்தமைக்குக் காரணம், ஒரு பற்றீரியத்தில் ஏறத்தாழப் பத்து அடக்கிகளே இருந்தமை. நாற்பத்தாறு இலட்சம் எழுத்துக்கள் கொண்ட ஏட்டில், அப்பத்துக் காவலரும் தமக்குரிய ஓரிடத்தைத் தேடிப் பிடித்து நிற்கின்றனர். அவ்விடத்தின் எழுத்துக்களை 1973இற் கில்பேர்ட்டும் அலன் மக்ஸாமும் படித்து வெளியிட்டனர், அவை 24. அந்த இருபத்து நான்கு எழுத்துக்களைப் படிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. இத்துன்பமே, எழுத்துக்களை விரைந்து படிக்கும் முறையொன்றைக் காணும்படி அவர்களை உந்திற்று எனலாம். அதற்காகக் கில்பேர்ட் 1980இல் நோபெற் பரிசில் ஒரு பங்கு பெற்றார்.

இனி, எழுத்தனாகிய பொலிமரேசு அவ்விடத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காணலாம். பற்றீரியத்தின் பொலிமரேசு ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்த பொறி. அது தனித்து நிற்கும்போது எழுதவல்லதேயன்றி, எங்கே தொடங்குவது என்று அறியாது. சிக்மா என்னும் ஆறாவது புரதம் வந்து சேர்ந்த பின்னரே அதற்கு இடம் தெரியும். சிக்மா 1969இற் கண்டறியப்பட்டது. எழுத வேண்டிய முதலெழுத்துக்குப் பத்து எழுத்துக்கள் முன்னும், முப்பத்தைந்து எழுத்துக்கள் முன்னும் அமைந்த இரண்டு சிறு அடையாளங்களைச் சிக்மா இனங்காணும். உடனே பொலிமரேசு அங்கே அமர்ந்து, முறுக்கிய இரட்டை இழையைச் சுமார் 13 எழுத்து நீளத்துக்குப் பிரித்து, எழுதத் தொடங்கும். முதலிற் சில எழுத்துக்களை எழுதி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதும் உண்டு, எழுத்தாணியைச் சோதித்துப் பார்ப்பவனைப் போல. நிலைபெற்ற பின் சிக்மா பெரும்பாலும் விலகிப்போக, வினாடிக்கு 40 முதல் 80 எழுத்துக்கள் வரை எழுதிக்கொண்டு செல்லும்.

அடக்கி பற்றும் இயக்குமிடம், பொலிமரேசு அமருமிடத்தோடு ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கிறது. அடக்கி அமர்ந்திருந்தால் பொலிமரேசு தன் வேலையைத் தொடங்குதற்கு வழியில்லை. இலற்றோசிலிருந்து பிறக்கும் ஒரு சிறு பொருள் அடக்கியோடு இணையும்போது, அடக்கியின் உருவம் சற்றே மாறுகிறது, மாறவே, டி. என். ஏ.யைப் பற்றிய பிடி தளர்ந்து விலகுகிறது. கண்ணும் நாவுமில்லாத உயிர் உணவை அறியும் வகை இதுவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலற்றோசை அந்தச் சிறு பொருளாக மாற்றுவதற்கே அந்நொதியம் சிறிது வேண்டும். இலற்றோசு கலத்தினுள் நுழைவதற்கே அதே ஒப்பெரோனிலிருந்து ஆகும் வாயிற் புரதம் சிறிது வேண்டும். பூட்டு முழுக்க முழுக்க இறுகியிருந்தால், திறவுகோல் உள்ளே வரவே முடியாது. அடக்கி எப்போதோ ஒரு கணம் தற்செயலாகக் கைநழுவ, அவ்வேளையில் எழுதப்பட்டுவிடும் ஓரிரு பிரதிகளே கலத்தை இச்சிக்கலிலிருந்து காக்கின்றன.

மொனோ கண்ட அந்த இடைநிறுத்தத்துக்கு அடக்கி மட்டும் போதிய விளக்கமாகாது. குளுக்கோசும் இலற்றோசும் ஒருங்கே இருந்தபோது, இலற்றோசைக் கண்டவுடன் அடக்கி விலகியிருக்க வேண்டுமே? விலகாமைக்கு முதற்காரணம், குளுக்கோசு கலத்தினுள் நுழைந்துகொண்டிருக்கும்வரை இலற்றோசின் வாயில் அடைக்கப்பட்டிருப்பது. இரண்டாவது காரணம் பொலிமரேசைப் பற்றியது. இலற்றோசு ஒப்பெரோனின் தொடக்க அடையாளங்கள் அத்துணைத் தெளிவானவை அல்ல. தடை நீங்கினாலும் பொலிமரேசு அங்கே உறுதியாக அமர்வதில்லை. சுமார் அறுபது எழுத்துக்கள் முன்னே வேறொரு புரதம் வந்தமர்ந்து, அதனைக் கைகொடுத்து இருத்த வேண்டும். அப்புரதத்துக்கு வலிமை தருவது வட்ட ஏ. எம். பி. என்னும் சிறு பொருள். குளுக்கோசு மிகுந்திருக்கும்போது அது குறைந்திருக்கும் என்பதை 1965இல் மக்மனும் சதர்லாந்தும் காட்டினர். ஆகவே, தடை நீங்குதல் ஒன்று, துணை கிடைத்தல் ஒன்று; இரண்டும் கூடினாலன்றி எழுத்து நடைபெறாது.

கட்டுப்பாட்டைக் கடந்து எழுத்தனையே கொன்றுவிட்டால் என்னாகும் என்பதற்கு மருத்துவத்தில் நல்ல சான்று உண்டு. காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிபம்பிசின் என்னும் மருந்து, பற்றீரியத்தின் பொலிமரேசினுள்ளே, புதிய ஆர். என். ஏ. வெளிவரும் வழியில் அமர்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று எழுத்துக்கள் எழுதியவுடனே வழி அடைபட்டு, எழுத்து நின்றுவிடுகிறது. மனிதனுடைய பொலிமரேசின் அமைப்பு வேறாதலின் நோயாளிக்கு அத்தீங்கு நேர்வதில்லை. ஆயின் காசநோய்க் கிருமியின் பொலிமரேசில் ஓர் எழுத்து மாறினாலும் மருந்து பற்றாமற் போகலாம். அத்தகைய மாற்றங்களிற் பெரும்பாலானவை 81 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு பகுதியிலேயே நிகழ்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்ட விரைவுச் சோதனை, நோயாளியின் சளியில் அப்பகுதியை மட்டும் நோக்கி, இரண்டு மணி நேரமளவில் அம்மருந்து பயன்படுமா என்று கூறிவிடும். மனிதனுடைய எழுத்தனைக் கொல்லும் நஞ்சும் இயற்கையில் உண்டு. ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் மரணத்தொப்பிக் காளானின் நஞ்சு, மனிதக் கலத்தின் இரண்டாம் பொலிமரேசைப் பிடித்து நிறுத்திவிடும். உண்டவருக்கு முதல் நாளில் அதன் கொடுமை முழுவதும் புலப்படாது. சில நாட்களுள் ஈரல் அழிந்துபோகும்.

கோலிப் பற்றீரியத்துக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்று மொனோ சொல்லுவதுண்டு. அது பாதி உண்மை. யானைக்கும் மனிதனுக்கும் பொலிமரேசு ஒன்றன்று, மூன்று என்று 1969இல் ரொபேட் ரீடரும் வில்லியம் ரட்டரும் காட்டினர். அவற்றுட் புரதங்களின் பரம்பரையலகுகளைப் பெயர்த்தெழுதுவது இரண்டாவது. பன்னிரண்டு துண்டுகளாலாகிய அப்பொறியின் உருவத்தை அணுவணுவாக வரைந்து காட்டியவர் ரொஜர் கோர்ன்பேர்க். 2001இல் வெளியான அவ்வாய்வுக்கு 2006இல் நோபெற் பரிசு கிடைத்தது. மனிதக் கலத்தில் இரண்டு மீற்றர் நீளமான டி. என். ஏ., கண்ணுக்குத் தெரியாத கருவினுள் அடங்கியிருக்க வேண்டியிருத்தலின், அது ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளிற் சுற்றப்பட்டுள்ளது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டையில் 147 எழுத்துக்கள். சுற்றிக் கட்டிய ஏட்டைப் படிக்க முடியாது. எனவே மனிதக் கலத்தில் வாய் மூடியிருத்தலே பொது நிலை. வாய் திறப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். உருண்டைகளைத் தளர்த்துவன, பொலிமரேசை அழைத்து வருவன, ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்கு அப்பாலிருந்தே டி. என். ஏ.யை வளைத்து வந்து உதவுவன எனப் பல புரதங்கள் கூடவேண்டும். தோலின் கலத்தில் இன்சுலின் படிக்கப்படாமைக்குக் காரணமும் இதுவே. சதையியின் கலத்தில் உள்ள அழைக்கும் புரதங்கள் தோலில் இல்லை. தோலில் அப்பகுதி சுருட்டியபடியே கிடக்கிறது.

ஆயினும் பாரிசில் அறியப்பட்ட அடக்கி மனிதரிடத்தில் இல்லாமற் போகவில்லை. அதனாற் பெரிய நன்மையொன்று விளைந்துள்ளது.

குருதியின் செங்குழியங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், வளர்ந்தோரில் இரண்டு அல்பாச் சங்கிலிகளாலும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளாலும் ஆனது. தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கோ பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி. இரண்டுக்குமுரிய பரம்பரையலகுகள் 11ஆம் நிறமூர்த்தத்தில் அருகருகே உள்ளன. பிறந்த சில மாதங்களுள் காமா அடங்கிப் பீற்றா எழுகிறது. பீற்றா அலகு பழுதான குழந்தைகளுக்கு வருவதே பீற்றாத் தலசீமியா. பிறந்தபோது நலமாயிருந்த குழந்தை, காமா அடங்க அடங்க, வெளிறி மெலிந்துபோகும். கடுமையான நோயாயின், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கொருமுறை பிறர் குருதி ஏற்றவேண்டும். அக்குருதியோடு சேரும் இரும்பு இதயத்தையும் ஈரலையும் கெடாதபடி அகற்றவும் வேண்டும். இந்நோய் இலங்கையில் அரிதன்று. குருணாகலில் இதற்கெனவே தனிச் சிகிச்சை நிலையம் இயங்குகின்றது. வயிற்றில் இருந்தபோது நன்றாய் வேலைசெய்த காமா அலகு, நோயுற்ற ஒவ்வொரு குழந்தையின் கலத்திலும் இன்னும் பழுதின்றியே இருக்கிறது என்பதை எண்ணும்போது, மருத்துவருடைய மனம் அதன்மேற் செல்லாதிருக்குமா?

1948இலேயே ஜனெற் வாட்சன் என்னும் நியூயோர்க் மருத்துவர், அரிவாட்கல நோயுடைய பச்சிளங் குழந்தைகளின் செங்குழியங்கள் அதிகம் வளைவதில்லை என்பதைக் கண்டு, சிசு ஈமோகுளோபினே அவர்களைக் காக்கிறது என்று கருதினார். அது பீற்றாச் சங்கிலியில் ஓரெழுத்துப் பிழையால் வரும் மற்றொரு குருதிநோய். வளர்ந்த பின்னும் காமா அடங்காத சிலரும் பரம்பரையாக உளர். அவர்களுக்கு அதனால் ஒரு குறையுமில்லை. ஓயாது நொதியம் ஆக்கிய மொனோவின் விகாரப் பற்றீரியங்களுக்கு ஒப்பானவர்கள் எனலாம். எனவே காமாவை அடக்குவது எது என்று தேடினர். 2008இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஸ்ருவர்ட் ஓர்க்கினும் விஜய் சங்கரனும் அவர்தம் கூட்டாளிகளும், பி. சி. எல். 11 ஏ. என்னும் புரதமே முதன்மையான அடக்கி என்று காட்டினர்.

அடக்கியை அழித்துவிட்டால் போதாதா? போதாது, அப்புரதம் மூளையின் வளர்ச்சிக்கும் நோயெதிர்க்கும் வெண்குழியங்களுக்கும் வேண்டப்படுவது. ஆயின் அடக்கியும் ஒரு பரம்பரையலகிலிருந்து பெயர்த்தெழுதப்பட வேண்டியதே. செங்குழியமாக வளரும் கலங்களில் மட்டும் பொலிமரேசை அதன்பால் அழைக்கும் ஒரு சிறு டி. என். ஏ. பகுதி உண்டு. நோயாளியின் என்பு மச்சையைச் சேர்ந்த மூலக்கலங்களை வெளியே எடுத்து, அவ்வொரு பகுதியை மட்டும் வெட்டிப் பழுதாக்கிவிட்டு, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். வெட்டுங் கத்தியும் பற்றீரியங்கள் வைரசுகளை எதிர்க்கக் கையாளும் கருவியிலிருந்தே செய்யப்பட்டது. கிறிஸ்பர் என்பது அதன் பெயர். ஏனைய கலங்களில் அடக்கி ஊறுபடாதிருக்க, குருதியில் மட்டும் அது குறைகிறது. காமா அலகின் வாய்ப்பூட்டு அவிழ்கிறது. 2023 நவம்பரில் பிரித்தானியா இச்சிகிச்சைக்கு உலகில் முதன்முதலாக இசைவளித்தது. அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரில் அரிவாட்கல நோய்க்கும், 2024 சனவரியிற் பீற்றாத் தலசீமியாவுக்கும் இசைந்தது. சிகிச்சை பெற்ற தலசீமியா நோயாளருட் பெரும்பாலோர் பிறர் குருதியின்றி வாழத் தொடங்கியுள்ளனர்.

எளிய சிகிச்சையன்று இது. செலுத்தும் கலங்களுக்கு இடமளிக்கும்பொருட்டு, கடும் மருந்தால் என்பு மச்சையை முதலில் வெறிதாக்க வேண்டும். மருத்துவமனையிற் பல வாரம் தங்கவேண்டும். அமெரிக்காவில் ஒருவருக்குக் குறிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர். தலசீமியா மிகுந்த நாடுகளின் மருத்துவமனைகள் இவ்விலையை எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆதலால், கலங்களை வெளியே எடுக்காமல், மாத்திரையாக விழுங்கத்தக்க ஒரு சிறு மூலக்கூற்றைக்கொண்டு மனிதனுடைய அவ்வடக்கியை நீக்க முடியுமா என்னும் ஆராய்ச்சி இப்போது பல ஆய்வுகூடங்களில் நடைபெறுகின்றது.